மேலாளர் மாற்றத்தால் ரசிகருக்கு உண்டாகும் உளநிலைத் திரிபுகள்: மான்செஸ்டர் யுனைடெட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

மனித உடம்புக்கு 4448 நோய்கள் உண்டு என்பது சித்த மருத்துவத்தின் கணக்கு. அந்தப் பட்டியலை முழுக்கப் பார்க்கும் பாக்கியம் இவ்வாய்வாளருக்குக் கிட்டவில்லை. ஆனாலும், ஏதோவொரு கால்பந்துக் கழகம் தன் மேலாளரை வீட்டுக்கு அனுப்பப்போகிறது என்ற வதந்தியால் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு இப்பால் குரோம்பேட்டையில் ஒருவருக்குத் தூக்கம் கெடுவதும், சாம்பாரில் உப்பு போட மறந்தது கூடத் தெரியாமல் அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவதும் அதில் இடம்பெற்றிருக்க வழியில்லை. இதை 4449-ஆவது நோயாகச் சேர்த்துக்கொள்ளும்படி தமிழ் மருத்துவ உலகை இக்கட்டுரை பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறது.

நோய்க்கு மருந்து சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. மருந்து இருந்திருந்தால் ஆய்வாளர் அதைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பார். கட்டுரை எழுதியிருக்க மாட்டார்.

ஆய்வுப் பரப்பும் எல்லையும்

காலம்: மேட் பஸ்பி பொறுப்பேற்ற 1945 முதல். களம்: மான்செஸ்டரில் உள்ள ஓல்ட் ட்ராஃபோர்ட் மைதானம், அதை ஆய்வாளர் இதுவரை நேரில் கண்டதில்லை. சங்கப் பாடல்களை ஆராய்பவர்கள் பாரியை நேரில் பார்த்துவிட்டா எழுதுகிறார்கள்? மாதிரி: ஒருவர். அந்த ஒருவர் ஆய்வாளரே. கட்டுப்பாட்டுக் குழு: ஆய்வாளரின் மகன், வயது 14, மான்செஸ்டர் சிட்டி ரசிகன். ஒரே வீட்டில் அது எப்படி நேர்ந்தது என்பது வேறு ஆய்வுக்குரிய பொருள். புறத்தேர்வாளர்: ஆய்வாளரின் மனைவி.

தரவுகள் இரவில் திரட்டப்பட்டவை. இங்கிலாந்தில் வாரநாள் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு ஒன்றரை மணிக்குத் தொடங்கும். தொலைக்காட்சியின் ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, கோல் விழுந்தால் தலையணையைக் கடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். 1999 மே 26 அன்று பார்சலோனாவில் பயர்ன் மியூனிக்குக்கு எதிரான இறுதிப்போட்டியில் கூடுதல் நேரத்தில் ஷெரிங்ஹாமும் சோல்ஷேரும் அடுத்தடுத்து அடித்த இரண்டு கோல்களுக்குத் தலையணை போதவில்லை. பக்கத்து வீட்டு மாமா திருடன் வந்துவிட்டான் என்று விளக்கைப் போட்டார். மறுநாள் விஷயத்தைச் சொன்னதும் மாமா கேட்டது இது: "நம்ம ஊர் டீமா?"

முன்னோர் ஆய்வு

இல்லை.

பெரியவர்

இந்நோயின் மூலகாரணம் தோல்வி அன்று என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். தோல்வியால் நோய் வருமென்றால் இங்கிலாந்தின் பாதி ஊர்கள் மருத்துவமனைக்குள் இருந்திருக்கும். நோய்க்கு மூலம், பொறுத்திருந்து கிடைத்த ஒரே ஒரு வெற்றி.

அகப்பாடல்களில் தலைவன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. அதே விதி ஆய்வாளர் வீட்டிலும் நடைமுறையில் உள்ளது. 1986 நவம்பர் 6 முதல் 2013 மே வரை மேலாளராக இருந்த சர் அலெக்ஸ் ஃபெர்குசனை இங்கு யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. 'பெரியவர்' என்பதே வழக்கு. "பெரியவர் இருந்தப்ப இப்படியெல்லாம் நடக்குமா?" என்று ஆய்வாளர் பெருமூச்சு விட்டதைக் கேட்டு, அவர் தம் தாத்தாவை நினைத்து வருந்துவதாகத் தொடக்கத்தில் புறத்தேர்வாளர் நினைத்திருக்கிறார். திவசம் என்றைக்கு என்றும் விசாரித்தார்.

பெரியவர் வந்தபோது பெரியவர் அல்லர். முதல் ஆட்டத்திலேயே ஆக்ஸ்ஃபோர்டிடம் 2-0 என்று தோற்றார். லீக் பட்டியலில் முதல் நான்கு பருவங்களில் அவர் அணி முடித்த இடங்கள்: 11, 2, 11, 13. 1989 செப்டம்பரில் ஊருக்குள்ளேயே இருக்கும் எதிரியான சிட்டியிடம் 5-1. அந்த டிசம்பரில் ஒரு ரசிகர் படுக்கை விரிப்பில் எழுதி மைதானத்துக்குள் பிடித்த வாசகம் இன்றும் பேசப்படுகிறது: மூன்று ஆண்டுகளாகச் சாக்குப்போக்குதான் வருகிறது, கிளம்புங்கள் ஐயா என்பது அதன் சாரம். பின்னாளில் அதே மைதானத்தில் அதே மனிதரின் பெயரில் ஓர் அரங்கம் 2011-இலும், அவருக்கு வெண்கலச் சிலை 2012-இலும் வந்தன. அந்தப் படுக்கை விரிப்பை எழுதியவர்மீது ஆய்வாளருக்கு மிகுந்த அனுதாபம் உண்டு. அன்றைய தரவுகளின்படி அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

1990 ஜனவரி 7. எஃப்.ஏ. கோப்பை மூன்றாம் சுற்று. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மைதானம். தோற்றால் ஃபெர்குசன் வேலை போய்விடும் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. மார்க் ராபின்ஸ் என்ற 20 வயதுப் பையன் தலையால் ஒரு கோல் அடித்தான். 1-0. அந்தக் கோப்பையை யுனைடெட் அந்த மே மாதம் வென்றது. அடுத்த 23 ஆண்டுகளில் 13 லீக் பட்டங்கள், இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள், மற்றவை எல்லாம் அதன் பின்னாலேயே வரிசையாக வந்தன.

இங்கே ஒரு சிக்கல். அன்று தோற்றிருந்தாலும் ஃபெர்குசனை நீக்கியிருக்க மாட்டோம் என்று அப்போதைய கழகத் தலைவர் மார்ட்டின் எட்வர்ட்ஸ் பின்னாளில் பல முறை சொல்லியிருக்கிறார். அதாவது, அந்தக் கோல் யாருடைய வேலையையும் காப்பாற்றவில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் கையில் இருந்தவரே இப்படிச் சொல்கிறார். ஆனால் உலகெங்கும் உள்ள ரசிகப் பெருமக்கள் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஸ்தல புராணத்தில் கல்வெட்டு குறுக்கிட்டால் கல்வெட்டைத்தான் தள்ளி வைப்பார்கள்.

ராபின்ஸ் தேற்றம்

மேற்கண்ட நிகழ்விலிருந்து ரசிகர் வகுத்துக்கொண்ட கோட்பாட்டை ராபின்ஸ் தேற்றம் என்று இக்கட்டுரை அழைக்கிறது. தேற்றம் வருமாறு: எந்த மேலாளருக்கும் மூன்றரை ஆண்டு கொடு; நான்காவது ஆண்டில் அவர் ஃபெர்குசன் ஆவார்.

இத்தேற்றத்தின் சிறப்பு, அதைப் பொய்ப்பிக்கவே முடியாது என்பது. நீக்கப்பட்ட மேலாளர் எவராயினும், 'கொஞ்சம் பொறுத்திருந்தால் தேறியிருப்பார்'. நீக்கப்படாமல் தோற்றுக்கொண்டிருப்பவர் எவராயினும், 'இன்னும் காலம் ஆகவில்லை'. மூன்றரை ஆண்டு முடிந்தும் தேறாதவர் என்று ஒருவர் வந்தால் தேற்றம் சோதனைக்குள்ளாகும். ஆனால் பெரியவருக்குப் பின் அத்தனை காலம் நாற்காலியில் அமர்ந்த ஒருவர்கூட இக்கழகத்தில் இல்லை. ஆகவே தேற்றம் புது மெருகோடு அப்படியே இருக்கிறது.

டேவிட் மோயஸுக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தார்கள். எவர்ட்டனில் இருந்த அவரை ஃபெர்குசனே தேர்ந்தெடுத்தார். வீட்டுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னபோது தாம் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போயிருந்ததை எண்ணிக் கூசியதாக மோயஸ் சொல்லியிருக்கிறார். அரங்கத்தில் 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்' என்று அவருக்குப் பதாகை கட்டினார்கள். கடைசி வீட்டு ஆட்டத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்த பெரியவர், இனி புது மேலாளரின் பக்கம் நிற்பதுதான் உங்கள் வேலை என்று ரசிகர்களிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெரியவர் சொன்னால் மீற முடியுமா? நின்றோம்.

நின்று என்ன பார்த்தோம்? அந்தக் கோடையில் எவர்ட்டனின் ஃபெல்லைனியை 23.5 மில்லியன் பவுண்டுக்கு வாங்கும் வாய்ப்பு ஒப்பந்தத்திலேயே இருந்தது. அதன் கெடு தாண்டும்வரை காத்திருந்து, சந்தை மூடும் கடைசி நாளில் 27.5 மில்லியன் கொடுத்து வாங்கினார்கள். அட்சய திருதியை முடிந்த மறுநாள் நகைக்கடைக்குப் போகிறவர்களை உலகம் புத்திசாலி என்கிறது. ஆனால் கூடுதல் விலை கொடுப்பதற்கென்றே மறுநாள் போகிறவர்களை அதுவரை ஆய்வாளர் கண்டதில்லை. 2014 பிப்ரவரி 9 அன்று பட்டியலின் அடிமட்டத்தில் இருந்த ஃபுல்ஹாம் வந்தது. இடப்பக்க ஓரத்திலிருந்து ஒன்று, வலப்பக்க ஓரத்திலிருந்து ஒன்று என்று அன்று முழுக்க 80-க்கும் மேற்பட்ட பந்துகளைக் கோல் முகத்துக்குத் தூக்கிப்போட்டார்கள். உயரமான ஃபுல்ஹாம் தடுப்பாட்டக்காரர்கள் ஒவ்வொன்றாகத் தலையால் முட்டித் திருப்பி அனுப்பினார்கள். கூடுதல் நேரத்தில் ஃபுல்ஹாம் சமன் செய்தது, 2-2. அடுத்த மாதம் ஓல்ட் ட்ராஃபோர்டுக்கு மேலே ஒரு சிறு விமானம், மோயஸைப் போகச் சொல்லும் பதாகையை இழுத்துக்கொண்டு பறந்தது. கீழே இருந்த ரசிகர்கள் அதைப் பார்த்து ஏளனக் குரல் எழுப்பினார்கள். தேற்றத்தின் பிடி அவ்வளவு. ஏப்ரல் 22-இல் நிர்வாகம் மோயஸை நீக்கியது, பத்து மாதம்.

'அப்பாடா' என்று ஆய்வாளருக்கு அன்று தோன்றியதை இங்கே பதிவு செய்ய வேண்டும். அடுத்த நொடியே 1990 ஜனவரி நினைவுக்கு வந்து குற்றவுணர்ச்சியாகவும் இருந்தது. நிம்மதியும் குற்றவுணர்ச்சியும் ஒரே மூச்சில் வருவதுதான் 4449-ஆவது நோயின் உறுதியான அறிகுறி. வேறு எந்தக் காய்ச்சலிலும் இப்படி வராது.

கூடத்தில் இருப்பவர்

மோயஸின் ஆட்டத்தைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அவர் வேலை பார்த்த சூழலையும் பார்க்க வேண்டும். எதிரணி ஒரு கோல் போட்டதும் தொலைக்காட்சிக் கேமரா எங்கே திரும்பியது? பயிற்சியாளர் பகுதிக்கு அன்று. மேலே இயக்குநர்கள் அமரும் இருக்கைக்கு. அங்கே கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு பெரியவர் உட்கார்ந்திருப்பார். முகத்தில் ஒரு குறிப்பும் இராது. அதுதான் கொடுமை. மருமகள் அடுப்படியில் முதல் சாம்பார் வைக்கும்போது, ஒரு வார்த்தையும் சொல்லாமல் கூடத்தில் உட்கார்ந்து முகர்ந்துகொண்டிருக்கும் மாமியாருக்கு ஈடு அது. வெளியே வெண்கலச் சிலை, உள்ளே அவர் பெயரில் அரங்கம், நடுவில் அவரே.

இது புதிதும் அன்று. 1945-இல் குண்டுவீச்சில் சிதைந்த மைதானத்தோடு தொடங்கிய மேட் பஸ்பி, 1958 பிப்ரவரி 6-இல் மியூனிக் விமான விபத்தில் எட்டு ஆட்டக்காரர்கள் உள்ளிட்ட 23 பேரைப் பறிகொடுத்து, தாமும் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பி, மறுபடி ஓர் அணியைக் கட்டி, 1968-இல் வெம்ப்ளியில் பென்ஃபிக்காவை 4-1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தொட்டார். இந்த வரியில் மட்டும் ஆய்வாளர் கேலியை ஒதுக்கி வைக்கிறார். 1969-இல் பஸ்பி விலகினார். ஆனால் கழகத்தை விட்டுப் போகவில்லை. அவர் இடத்துக்கு வந்த வில்ஃப் மெக்கின்னஸுக்கு வயது 31. நேற்றுவரை தோளில் கைபோட்டுப் பேசியவர்களை இன்று ஆட்டத்திலிருந்து நீக்கி உட்கார வைக்க வேண்டும். 1970 டிசம்பரில் அவரை எடுத்தார்கள். மீதிப் பருவத்துக்கு யார் வந்தார்? பஸ்பிதான். கூடத்தில் இருந்தவர் கரண்டியை வாங்கிக்கொண்டார்.

அடுத்து வந்த ஃப்ராங்க் ஓஃபாரல் 18 மாதம். அவருக்குப் பின் டாமி டோக்கர்ட்டி. 1974-இல், ஐரோப்பியக் கோப்பை வென்ற ஆறாம் ஆண்டில், யுனைடெட் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. இந்த வரலாற்றைப் படித்த எவரும் 2013-இல் நிம்மதியாக இருந்திருக்க முடியாது. இவ்வாய்வாளர் படித்திருந்தார். அந்த மே 8-ஆம் தேதி மதியச் சாப்பாட்டு நேரத்தில், பெரியவர் ஓய்வு பெறுகிறார் என்ற செய்தி கைப்பேசியில் வந்தபோது, அலுவலகத்தில் கூட இருந்தவர்கள் கேட்டது: "வீட்ல யாருக்காவது ஏதாவதா?" தயிர்சாதம் டப்பாவிலேயே இருந்துவிட்டது. பெரியவரின் 1500-ஆவதும் கடைசியுமான ஆட்டத்தில் வெஸ்ட் ப்ரோமிச்சிடம் 5-2 என்று முன்னால் இருந்து 5-5 என்று முடித்தார்கள். சகுனம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது போதும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். யுனைடெட் வென்றவை 20 லீக் பட்டங்கள். அந்த இருபதையும் வென்றவர்கள் மூன்றே மேலாளர்கள். 1908-இலும் 1911-இலும் எர்னஸ்ட் மாங்னல்; பஸ்பி 5; ஃபெர்குசன் 13. மற்ற எல்லா மேலாளர்களும் சேர்ந்து வென்றது பூஜ்ஜியம். எல்லோரும் வெற்றிக் கழகம் என்று சொல்கிறார்கள். கணக்கைப் பிரித்தால் மூன்று மனிதர்களும் அவர்களுக்கு இடையே நெடிய வெயிலும் என்றுதான் வருகிறது. ஒவ்வொரு புது மேலாளர் வரும்போதும் ரசிகர் கேட்பது நல்ல பயிற்சியாளரா என்றல்ல. நாலாவது அவதாரம் இவர்தானா என்று. எந்த நேர்காணலில் இதற்கு விடை கிடைக்கும்? (மாங்னல் 1912-இல் எங்கே போனார் என்று கேட்காதீர்கள். சிட்டிக்குப் போனார். கட்டுப்பாட்டுக் குழுவிடம் இதுவரை சொல்லவில்லை.)

கோப்பையும் மண்டலமும்

எஃப்.ஏ. கோப்பை என்பது மேலாளருக்கு மருந்தா, நஞ்சா? 1990-இல் அது ஃபெர்குசனுக்கு மருந்து. டோக்கர்ட்டி கதை வேறு. இரண்டாம் பிரிவுக்கு இறக்கிய மனிதரை வைத்துக்கொண்டார்கள். அவர் மறுவருடமே மேலே கொண்டுவந்தார். 1977-இல் லிவர்பூலை 2-1 என்று வென்று கோப்பையும் எடுத்தார். 44-ஆம் நாள் நீக்கினார்கள். காரணம் ஆட்டம் அன்று. அணியின் இயன்முறை மருத்துவரின் மனைவியோடு ஏற்பட்ட காதல். கோவலன் காலத்திலிருந்து நமக்குப் பழக்கப்பட்ட விஷயம்தான் என்றாலும், வேலை போனது இங்கே.

2016 மே 21-இல் லூயி வான் ஹால் அதே கோப்பையை வென்றார். செய்தியாளர் அறைக்குள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். 23-இல் வேலை போனது. 2024-இல் எரிக் டென் ஹாக் இறுதியில் சிட்டியையே வென்று கோப்பையை எடுத்தார். அன்று ஆய்வாளர் வீட்டில் ஒரு பக்கம் பாயசம், மறுபக்கம் பட்டினி. அந்தக் கோடையில் அவரை வைத்துக்கொள்ளலாமா என்று நிர்வாகம் 'பரிசீலித்தது'. வேறு ஆட்களோடும் பேசியது. பிறகு ஒப்பந்தத்தை நீட்டித்தது. அக்டோபர் 28-இல் நீக்கியது. அவரையும் துணைவர்களையும் அனுப்பிய செலவு 10.4 மில்லியன் பவுண்டு என்று கழகத்தின் கணக்கறிக்கை சொல்கிறது. கோப்பை வென்றவரைப் போகச் சொல்ல வாய் வரவில்லை, இருக்கச் சொல்ல மனம் வரவில்லை. நடுவில் போனது பணம். இது ரசிகரின் பணம் இல்லை என்று புறத்தேர்வாளர் சுட்டிக்காட்டுகிறார். ஆய்வாளர் அதை ஏற்கவில்லை.

44 என்ற எண்ணை இங்கே தனியாகக் கவனிக்க வேண்டும். 1974-இல் லீட்ஸ் யுனைடெட்டில் ப்ரையன் கிளஃப் தாங்கியதும் 44 நாள்தான். ஒரு மண்டலம் 48 நாள். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் பரிகாரம் பலித்திருக்கும் என்ற கருத்தை ஆய்வாளரின் மாமனார் முன்வைத்தார். மறுக்க ஆதாரம் இல்லை. விரட்டப்பட்ட கிளஃப் பின்பு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்குப் போய் 1979, 1980 இரண்டு ஆண்டும் தொடர்ந்து ஐரோப்பியக் கோப்பையை வென்றார் என்பதையும், ராபின்ஸ் கோல் அடித்த அன்று எதிர்ப்பக்க மேலாளர் அவர்தான் என்பதையும் நினைவூட்டினால், லீட்ஸ் ரசிகர்கள் எழுந்து போய்விடுகிறார்கள்.

புது மேலாளர் வந்ததும் அணி துள்ளுவது ஏன்?

எல்லா ரசிகரும் கண்ட காட்சி இது. பழையவர் போகிறார், மறு சனிக்கிழமையே அணிக்கு உயிர் வந்துவிடுகிறது. 2018 டிசம்பர் 18-இல் ஜோசே மொரின்யோவை அனுப்பினார்கள். இரண்டரை ஆண்டும் ஊரில் வீடு பார்க்காமல் ஹோட்டலிலேயே தங்கியிருந்தவர் அவர். பெட்டியைப் பிரிக்காத விருந்தாளியை எப்படி நம்புவது என்று புறத்தேர்வாளர் முதல் வருடமே சொன்னார். அந்த ஒரு கணிப்புக்காகவே அவரைப் புறத்தேர்வாளர் ஆக்கினோம். இடைக்காலமாக வந்தார் சோல்ஷேர், 1999-இல் தலையணையைக் கிழித்த அதே சோல்ஷேர். முதல் எட்டு ஆட்டங்களிலும் வெற்றி. 2019 மார்ச் 6-இல் பாரிஸில், முதல் ஆட்டத்தில் 2-0 என்று தோற்ற நிலையிலிருந்து, கடைசி நிமிடப் பெனால்டியில் 3-1. ஆய்வாளர் அன்று விடியும்வரை மொட்டை மாடியில் உலவினார். அந்த மாதமே சோல்ஷேரை நிரந்தரமாக்கினார்கள். அதற்குப் பின் அதே அணி அதே ஆட்டக்காரர்களோடு எவர்ட்டனிடம் 4-0 என்று தோற்றது.

நெதர்லாந்தின் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் இதை உண்மையாகவே ஆராய்ந்திருக்கிறார். டச்சு லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த மேலாளர் மாற்றங்களை எடுத்துக்கொண்டு, அதே மாதிரிச் சரிவில் இருந்தும் மேலாளரை மாற்றாத அணிகளோடு ஒப்பிட்டார். மாற்றிய அணிகள் மீண்டன. மாற்றாத அணிகளும் மீண்டன. சரிவின் அடியில் இருக்கும்போதுதான் மேலாளரை நீக்குகிறார்கள். அதற்குமேல் இறங்க இடமில்லாததால் அணி ஏறுகிறது. புகழ் புதியவருக்குப் போகிறது. வேப்பிலை அடித்த மூன்றாம் நாள் இறங்கும் காய்ச்சல், அடிக்காவிட்டாலும் மூன்றாம் நாள்தான் இறங்கும்.

இதைப் படித்துவிட்டு ஆய்வாளர் குணமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. காரணம், டேவ் செக்ஸ்டன் என்றொருவர் இருந்தார். டோக்கர்ட்டிக்குப் பின் 1977-இல் வந்த அமைதியான மனிதர். 1981-இல் தமது கடைசி ஏழு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றார். உடனே நீக்கினார்கள். ஏழு தோற்றால் நீக்குவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏழு வென்றாலும் நீக்குவார்கள் என்றால் ரசிகர் எதைப் பார்த்துப் பயப்படுவது, எதைப் பார்த்து நிம்மதி அடைவது? அவருக்குப் பின் வந்த ரான் அட்கின்சன் 1985-இல் லீக் பருவத்தின் முதல் பத்து ஆட்டங்களையும் வென்றார். அந்தப் பருவத்தில் நாலாவதாகத்தான் முடிந்தது. மறு நவம்பரில் அவரும் இல்லை. அந்த நாற்காலியில்தான் பெரியவர் வந்து உட்கார்ந்தார்.

தடையும் விடையும்

தடை: கத்துவது ஆட்டக்காரர்கள் காதில் விழாத தூரத்தில் இருந்துகொண்டு, மேலாளர் யாராக இருந்தால் உங்களுக்கு என்ன? (வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்டது. தோசைக்கல் முன்னால் நின்றபடி கேட்டார்.)

விடை: ஆட்டக்காரர்கள் வருவார்கள், போவார்கள். கேன்டொனாவின் நடுப்பக்கச் சுவரொட்டியை ஸ்போர்ட்ஸ்டாரிலிருந்து பின் கழற்றி எடுத்து ஒட்டிய சுவர்கூட இப்போது இல்லை. அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். மேலாளர் ஒருவர்தான் காலத்தைப் பெயர் சொல்லிப் பிரிக்க உதவுகிறார். அரசர் பெயரால் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு மரபு அது. கல்லூரி முடித்தது பெரியவர் காலத்தில். கல்யாணமும் பெரியவர் காலத்தில். அப்பா போனது வான் ஹால் காலத்தில். முதல் வேலை மாற்றம் மொரின்யோ மூன்றாம் ஆட்சியாண்டில். மேலாளரை மாற்றும்போது யாரோ நம் வீட்டுச் சுவரில் காலண்டரைக் கழற்றிவிட்ட மாதிரி இருக்கிறது.

புறத்தேர்வாளர்: "நம்ம கல்யாணம் என்ன தேதி?"

விடை: 2008. மாஸ்கோவில் செல்சியைப் பெனால்டியில் வென்று ஐரோப்பியக் கோப்பை எடுத்த வருடம்.

புறத்தேர்வாளர்: "நான் வருஷம் கேக்கலீங்க."

வாய்மொழித் தேர்வு இத்துடன் ஒத்திவைக்கப்பட்டது.

கட்டுப்பாட்டுக் குழு

ஒப்பிட்டுப் பார்க்க நோயற்ற ஒருவர் வேண்டும் என்பது ஆய்வு நெறி. மகன் அதற்கு மிகப் பொருத்தம். பெப் கார்டியோலா சிட்டிக்கு வந்தது 2016-இல். அவனுக்கு அப்போது ஆறு வயது. விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரே மேலாளர். மேலாளர் மாற்றம் என்பது அவனுக்கு அந்நியர் வீட்டுச் செய்தி. எங்கள் வீட்டில் மோயஸ் தொடங்கி வான் ஹால், மொரின்யோ, சோல்ஷேர், ராங்னிக், டென் ஹாக் என்று ஒவ்வொருவராக வந்து போனதையும், இடையிடையே கிக்ஸ், காரிக், வான் நிஸ்டல்ராய் என்று பழைய ஆட்டக்காரர்கள் வந்து சில வாரம் கடையைப் பார்த்துக்கொண்டதையும் அவன் வேடிக்கை பார்த்துக்கொண்டே வளர்ந்தான். "அப்பா, இப்ப யாருப்பா உங்க மேனேஜர்?" என்பான், தேதி கேட்பவன் போல.

அவனுடைய கழகத்துக்கும் ஒரு காலம் இருந்தது. 1996-இல் ஸ்டீவ் கோப்பல் அங்கே 33 நாள் மேலாளராக இருந்து விலகினார். முக்கால் மண்டலம்கூட ஆகவில்லை. அந்த ஒரே பருவத்தில் அங்கே ஐந்து பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார்கள். 1998-இல் சிட்டி மூன்றாம் பிரிவில் ஆடியது. இதையெல்லாம் சொன்னால், தாத்தா காலத்துப் பஞ்சக் கதையைக் கேட்பது போலக் கேட்டுக்கொள்வான்.

2024 நவம்பர் 1 அன்று போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கழகத்திலிருந்து ரூபன் அமோரிம் யுனைடெட்டுக்கு வருவதாக அறிவிப்பு வந்தது. ஆய்வாளருக்கு வழக்கம்போல் நோய் கண்டது: அன்றிரவே அமோரிமின் பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்த்து, மூன்று தடுப்பாட்டக்காரர் முறைக்கு நம்மிடம் ஆள் இருக்கிறதா என்று பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் வரைந்தார். ஆனால் புதியவர் உடனே வரவில்லை; ஸ்போர்ட்டிங்கில் பாக்கி ஆட்டங்கள் இருந்தன. அதில் ஒன்று, நவம்பர் 5 அன்று, லிஸ்பனில், சிட்டிக்கு எதிராக. நமக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. தந்தையும் மகனும் ஒரே சோபாவில். நாலாவது நிமிடமே ஃபோடன் கோல் போட்டதும் மகன் தொடையைத் தட்டினான். அதற்குப் பின் யோக்கெரஸ் என்ற ஸ்வீடன்காரர் மூன்று போட்டார். இடையில் ஹாலண்ட் பெனால்டியைக் குறுக்குச் சட்டத்தில் அடித்தார். ஸ்போர்ட்டிங் 4, சிட்டி 1. இன்னும் நம்மிடம் வந்தே சேராத மேலாளர் நமக்காக வென்றுகொடுத்த ஆட்டம் என்று அதைக் கழக வரலாற்றில் சேர்க்கலாமா என்பது தனி விவாதம். அன்று ஆய்வாளர் நாலாவது அவதாரத்தைக் கண்டுவிட்டதாக நம்பினார். அந்தப் பருவம் யுனைடெட் 42 புள்ளிகளோடு 15-ஆம் இடத்தில் முடிந்தது. யூரோப்பா லீக் இறுதியிலும் டாட்டன்ஹாமிடம் 1-0 என்று தோல்வி. இக்கட்டுரை அச்சேறும் நாளில் ஓல்ட் ட்ராஃபோர்டில் யார் மேலாளர் என்பதற்கு ஆய்வாளர் பொறுப்பல்லர்.

அந்த 2024 நவம்பரிலேயே சிட்டி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. கார்டியோலாவின் ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிவதாக இருந்தது. ஒரு நாள் இரவு பதினொரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்த ஆய்வாளர், மகன் அறையில் கைப்பேசி வெளிச்சத்தைக் கண்டார். பரீட்சைக்குப் படிக்கிறானோ என்ற நப்பாசையில் எட்டிப் பார்த்தார்.

"அப்பா, பெப் போய்ட்டா அலோன்சோ வருவாராப்பா? லெவர்குசன்ல இருந்து விடுவாங்களா?"

கண் சிவந்திருந்தது. பக்கத்தில் வைத்திருந்த பால் தொடாமல் ஏடு கட்டியிருந்தது. அறிகுறிகள் அனைத்தும் பாடநூலில் உள்ளபடி. கட்டுப்பாட்டுக் குழுவுக்கே நோய் தொற்றிவிட்ட நிலையில் ஒப்பீட்டாய்வைத் தொடர்வது நெறிமுறைக்கு மாறானது என்பதால் தரவு திரட்டல் அன்றிரவே நிறுத்தப்பட்டது. சில நாளில் கார்டியோலா 2027 வரை ஒப்பந்தத்தை நீட்டித்தார். மகனுக்குப் பசி திரும்பியது. ஆனால் ஒருமுறை வந்தால் மறுபடி வரும் வகை இது.

அன்றிரவு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தகப்பன் என்ற முறையில் தன் அனுபவம் முழுவதையும் திரட்டி ஆய்வாளர் ஆறுதல் சொன்னார்.

"எதுக்குடா கவலை? டேவிட் மோயஸ் இப்ப சும்மாதான் இருக்கார்."